ரெனுவாரின் மங்கிய சிவப்பும் ஒரு சொட்டு வெள்ளியும்

சட்டத்தைக் கழற்றிய பிறகுதான் விஷயம் தெரியவந்தது. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883-இல் தீட்டிய ‘மேடம் லியோன் க்ளாப்பிசோன்’ என்ற உருவப்படம் இருக்கிறது. நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்க, அவருக்குப் பின்னால் இன்று வெளிறிய நீலமும் சாம்பலும் கலந்த பின்னணி. அந்த ஓவியத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், சட்டத்தின் உதடு மூடி வைத்திருந்த ஓரத்தில் மட்டும், ஒரு மெல்லிய பட்டையாக, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. நூற்றுச் சொச்சம் வருடம் வெளிச்சம் படாத இடம் அது ஒன்றுதான். அப்படியென்றால் ரெனுவார் வரைந்து முடித்த நாளில் அந்தப் பின்னணி முழுவதுமே சிவப்பும் ஊதாவும் சுழன்றடிக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும், நாம் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அதில் மிஞ்சியதை.

சரி, மங்கிவிட்டது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எது மங்கியது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நானோ கட்டமைப்புள்ள பொருட்களை வைத்து உணர்வது, அதாவது சென்சிங், என்று பேசினால் பெரும்பாலும் பெரிய எண்களில்தான் பேச்சு தொடங்கும்: இத்தனை கோடி மடங்கு பெருக்கம், ஒற்றை மூலக்கூறு வரை கண்டுபிடிப்போம் என்று. இந்த ஓவியத்தின் கதை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. வெள்ளித் துகள்களிடம் அவற்றால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்டார்கள், அதனால் பதில் கிடைத்தது.

கேள்வி ஏன் கடினமானது

அந்தக் காலத்து ஓவியர்களிடம் சிவப்புக்குப் பல வழி இருந்தது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வெர்மில்லியன் ஒரு தாதுச் சிவப்பு, அதை எக்ஸ் கதிரை வைத்தே அடையாளம் காணலாம், பாதரசம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே மங்கியது அந்த மாதிரி இல்லை. மங்குகிற சிவப்புகள் பெரும்பாலும் செடியிலிருந்தோ பூச்சியிலிருந்தோ எடுத்த சாயங்கள். சாயத்தை அலுமினிய உப்போடு சேர்த்து வீழ்படிவாக்கித் தூளாக்குவார்கள், அதற்கு லேக் நிறமி என்று பெயர். மேடர் செடியின் வேரிலிருந்து வருவது ஒன்று (நம் மஞ்சிட்டிக்கு ஐரோப்பிய உறவு). சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து வரும் கார்மைன் இன்னொன்று. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கொச்சினீலுக்காகவே ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன், அந்தச் சிவப்புக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மேடரின் அலிசரினும் பர்ப்யூரினும், கொச்சினீலின் கார்மினிக் அமிலமும், எல்லாமே ஆந்த்ராகுவினோன் என்ற ஒரே குடும்பம். மூன்று வளையம் சேர்ந்த எலும்புக்கூடு ஒன்றுதான், ஒட்டியிருக்கும் கைகால்கள்தான் வேறு. கார்மினிக் அமிலத்தில் கூடுதலாக ஒரு குளுக்கோஸ் அலகு தொங்கும். எக்ஸ் கதிர் பார்த்தால் எல்லாவற்றிலும் அலுமினியம்தான் தெரியும், கார்பனும் ஹைட்ரஜனும் எப்படி இணைந்திருக்கின்றன என்பதை அது சொல்லாது. திரவ நிறப்பகுப்பு முறையில் சாயத்தைப் பிரித்துப் பார்க்கலாம், நல்ல முறைதான், ஆனால் அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே மாதிரி வேண்டும். ரெனுவாரின் ஓவியத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுரண்டி எடுக்க எந்த அருங்காட்சியகமும் விடாது, விடவும் கூடாது.

மிச்சம் இருப்பது ராமன் சிதறல். திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்புக்காரர் கே. எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில், முதலில் சூரிய ஒளியையும் பிறகு பாதரச விளக்கையும் வைத்துக் கண்டது இது. ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளியே வருகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் பிணைப்புகள் எந்த அதிர்வெண்ணில் அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது, ஆகவே ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை மாதிரி நிறமாலை கிடைக்கும். குளுக்கோஸ் ஒட்டியதும் ஒட்டாததும் தனித்தனியே தெரியும். அருமையான முறை, ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, அந்தச் ‘சிறு பங்கு’ என்பது தோராயமாகக் கோடியில் ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள். இரண்டு, இந்தச் சிவப்புச் சாயங்கள் லேசர் பட்டதும் ஒளிர ஆரம்பித்துவிடும், அந்த ஒளிர்வின் வெள்ளத்தில் ராமன் கோடுகள் இருந்த இடம் தெரியாமல் மூழ்கிவிடும். திருவிழா மைதானத்தில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்பது போல.

வெள்ளி செய்கிற வேலை

இந்த இரண்டு தொல்லையையும் ஒரே பொருள் தீர்த்தது, நானோ அளவு வெள்ளித் துகள். இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் ஒரு வெள்ளி மின்முனையை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கினார்கள். சொரசொரப்பானால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் அதிக மூலக்கூறு ஒட்டும், அதிக சிக்னல் வரும் என்பது அவர்கள் கணக்கு. பிரிடின் என்ற வேதிப்பொருளை ஒட்டிப் பார்த்தார்கள், பிரமாதமான சிக்னல் வந்தது, கணக்கு சரி என்று நினைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான்மேரும் ரிச்சர்ட் வான் டைனும், அதே 1977-இல் இங்கிலாந்தின் கென்ட்டில் ஆல்பிரெக்ட்டும் க்ரைட்டனும், உட்கார்ந்து ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தார்கள். பரப்பு கூடியதால் வருவதைவிட சிக்னல் லட்சக்கணக்கான மடங்கு அதிகம். பரப்பை வைத்து இதை விளக்கவே முடியாது, வேறு ஏதோ நடக்கிறது. பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல் என்று பெயர் வைத்தார்கள், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து செர்ஸ் என்பார்கள்.

நடப்பது இதுதான். வெள்ளித் துகளுக்குள் எலக்ட்ரான்கள் கட்டற்றுத் திரிகின்றன. துகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், ஒளி படும்போது அந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, வாளியில் தண்ணீர் தளும்புவது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளும்பும். இதற்கு பிளாஸ்மான் என்று பெயர். தளும்பலும் ஒளியின் அதிர்வெண்ணும் ஒத்துப்போனால் துகளின் மேற்பரப்பை ஒட்டி மின்புலம் வலுவாகக் கூடிவிடும். இரண்டு துகள்கள் நெருங்கி, நடுவில் ஒரு நானோமீட்டர் இடைவெளி இருந்தால் (ஒரு தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட 80,000 நானோமீட்டர்) அந்த இடுக்கில் புலம் பிதுங்கி நிற்கும். அந்த இடுக்கை ஹாட் ஸ்பாட் என்பார்கள். அங்கே மாட்டிக்கொண்ட மூலக்கூறுக்கு உள்ளே வரும் ஒளியும் பெருகிக் கிடைக்கிறது, அது வெளியே சிதறும் ஒளியும் அதே துகள்களால் பெருக்கப்பட்டு வெளியேறுகிறது. இரண்டும் சேர்வதால் புலம் 10 மடங்கு கூடினால் சிக்னல் 10,000 மடங்கு, புலம் 100 மடங்கானால் சிக்னல் 10 கோடி மடங்கு. கூடவே, உலோகத்தில் ஒட்டிய சாயம் தன் ஆற்றலை ஒளிர்வாக வீணாக்காமல் உலோகத்திடம் கொடுத்துவிடுவதால் ஒலிபெருக்கியும் அணைந்துவிடுகிறது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான், முணுமுணுப்பைப் பெருக்குவதும் இரைச்சலை அடக்குவதும் ஒரே துகள்.

இதைச் செய்யப் பெரிய ஆலை எதுவும் வேண்டாம். லீ, மைசல் இருவரும் 1982-இல் எழுதிய செய்முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: அரை லிட்டர் தூய நீரில் 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மில்லிலிட்டர் சேர்த்து, இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவது. மஞ்சளும் சாம்பலுமாகக் கலங்கலான ஒரு கூழ்மம், அதாவது வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர், கிடைக்கும். கேட்க ரசம் வைப்பது போல இருந்தாலும், கலக்கும் வேகம், பாத்திரத்தின் சுத்தம், சிட்ரேட் விழும் நேரம் எல்லாம் துகளின் அளவையும் வடிவத்தையும் மாற்றிவிடும், ஒரு நாள் செய்தது மறுநாள் அதே மாதிரி வராது. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

ஓவியத்துக்குத் திரும்புவோம்

சிகாகோவில் அருங்காட்சியக விஞ்ஞானி ஃப்ரான்செஸ்கா கசாடியோவின் குழு இந்த வேலையைச் செய்தது. வான் டைன் வேலை செய்த நார்த்வெஸ்டர்ன் அதே ஊரை ஒட்டித்தான் இருக்கிறது, 1977-இல் மின்முனையை வைத்து எண்ணிப் பார்த்த மனிதரே பிற்காலத்தில் ஓவியங்களின் பக்கம் வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டார். நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற ஒரு சிவப்புத் துகளை எடுத்து, அதன் மேல் வெள்ளிக் கூழ்மத்தை விட்டு, லேசரைக் குவித்து நிறமாலை எடுப்பதுதான் முறை. எழுதும்போது சுலபமாக இருக்கிறது. உண்மையில் லேக் நிறமியில் சாயம் அலுமினியத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி நூறு வருடம் காய்ந்த எண்ணெய்ப் படலம் வேறு. வெள்ளியோ ஓரிரு நானோமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பெருக்கும், அதற்கு அப்பால் விளைவு வேகமாகச் செத்துப்போகும். சாயம் வெள்ளியைத் தொடவில்லை என்றால் ஒன்றுமே கிடைக்காது. இதனால்தான் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் மார்கோ லியோனா, மாதிரியை முதலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமில ஆவியில் கொஞ்ச நேரம் வைத்து, அலுமினியத்தின் பிடியைத் தளர்த்திச் சாயத்தை விடுவித்துவிட்டுப் பிறகு வெள்ளியை விடும் வழியை உருவாக்கினார். இந்த வகை ஆய்வில் பாதி வெற்றி இந்த முன்தயாரிப்பில்தான் இருக்கிறது என்பேன், லேசரைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம்.

விடை: கார்மைன். கொச்சினீல் பூச்சியின் சிவப்பு. மேடராக இருந்திருந்தால் சாயலும் மங்கும் வேகமும் வேறாக இருந்திருக்கும். கார்மைன் ஒளியில் மங்கிப்போவதற்குப் பேர்போனது. எது என்று தெரிந்த பிறகுதான் ஓரப்பட்டையின் நிறத்தை அடிப்படையாக வைத்து, டிஜிட்டலாக, பழைய பின்னணியை மீட்டு ஒரு படம் செய்ய முடிந்தது. 2014 பிப்ரவரியில் அதை ஓவியத்தோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். அசல் ஓவியத்தின் மேல் யாரும் தூரிகை வைக்கவில்லை, அது சரியான முடிவு.

இதே குழு முன்பே இன்னொன்றும் செய்திருந்தது. அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1887-இல் நீர்வண்ணத்தில் வரைந்த ஒரு படத்தில் வானம் இன்று வெறும் காகிதமாக நிற்கிறது. காகித இழைகளுக்குள் சிக்கியிருந்த மிகச் சில நிறமித் துகள்களை வெள்ளி வைத்துப் பார்த்தபோது கொச்சினீலும் மேடரும் இருந்தது தெரிந்தது, அங்கே ஒரு அந்திவானம் இருந்திருக்கிறது. லியோனாவின் 2009 கட்டுரை இதைவிடத் தூரம் போனது. எகிப்தின் சுமார் 4,000 வருடப் பழமையான தோல் துண்டு ஒன்றில் மேடர் லேக் இருப்பதைக் காட்டினார், வேரிலிருந்து சாயத்தை எடுத்து நிறமியாக்கும் வேதியியல் அதுவரை நினைத்திருந்ததைவிட 700 வருடம் முன்பே அங்கே இருந்தது என்று ஆனது. 12-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மரச் சிலை ஒன்றில் அரக்குச் சாயம் கிடைத்தது, அரக்கு நம் பக்கத்துக் காடுகளின் பூச்சி தருவது, அந்தக் காலத்திலேயே அது ஐரோப்பா வரை போயிருக்கிறது.

வெள்ளி சொல்லாதவை

இப்போது கூழ்மம் ஒரு நாள் போல மறுநாள் வராது என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். 2008-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிலாட் என்பவரின் குழு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நானோ உருண்டைகளை வரிசையாக அடுக்கி மேலே வெள்ளி பூசிய பரப்பு, அதாவது கூழ்மத்தைவிட எவ்வளவோ ஒழுங்கானது. அதில் ஒட்டிய மூலக்கூறுகளில் எவை எவ்வளவு சிக்னல் தருகின்றன என்று அளந்தார்கள். 10 லட்சம் மூலக்கூறுகளில் வெறும் 63 மட்டுமே 100 கோடி மடங்குக்கு மேல் பெருகும் இடங்களில் இருந்தன, அந்த 63 மட்டும் மொத்த சிக்னலில் 24 சதவீதத்தைக் கொடுத்தன. மறுபக்கம், 61 சதவீத மூலக்கூறுகள் பெருக்கம் மிகக் குறைந்த ‘குளிர்ந்த’ இடங்களில் உட்கார்ந்துகொண்டு 4 சதவீதம்தான் கொடுத்தன.

இந்த எண்களை நான் திரும்பத் திரும்ப எல்லோரிடமும் சொல்வேன், செர்ஸைப் பற்றி வேறு எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் இது இருந்தால் போதும். நீங்கள் பார்க்கும் நிறமாலை ஊர் மக்கள் எல்லோரும் போட்ட ஓட்டு இல்லை, மேடையில் ஏறிய சிலரின் குரல். ‘இது எது?’ என்று கேட்டால் அந்தச் சிலரின் குரலே போதும், கார்மைன் எங்கே இருந்தாலும் கார்மைன்தான். ‘எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் மேடையில் இன்று எத்தனை பேர் ஏறினார்கள் என்பது துகள்கள் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இரண்டு சாயம் கலந்திருந்தால் வெள்ளியை நன்றாகப் பற்றிக்கொள்ளும் சாயம், அளவில் குறைவாக இருந்தாலும், உரக்கப் பேசும். அதனால் நிறமாலையில் ஒன்று தெரியவில்லை என்பதால் அது ஓவியத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

1997-இல் நியேயும் எமோரியும் ஒரு பக்கம், க்னைப் குழு ஒரு பக்கம், ஒற்றை மூலக்கூறைக் கண்டோம் என்று அறிவித்தபோது நூறு லட்சம் கோடி மடங்கு பெருக்கம் என்ற எண் பரவியது. பத்து வருடம் கழித்து நியூசிலாந்தின் வெலிங்டனில் லெ ரூவும் எட்செகோயினும் பொறுமையாகச் சரிபார்த்து, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த பெருக்கமே ஒற்றை மூலக்கூறுக்குத் தாராளம் என்று காட்டினார்கள். கண்டுபிடிப்பு பொய்யில்லை, எண்தான் ஊதியிருந்தது. ஆனால் அந்த ஊதிய எண்ணைத் துரத்திக்கொண்டு ஒரு துறையே வருடக்கணக்கில் ஓடியது, ஒரே மாதிரி பதில் தரும் பரப்பைச் செய்வதில் அந்த நேரத்தைச் செலவழித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

‘எவ்வளவு?’ என்ற கேள்வியை வான் டைனே எடுத்துப் பார்த்தார், ரத்தச் சர்க்கரையில். சாயங்கள் வெள்ளியைத் தேடிப் போய் ஒட்டும், குளுக்கோஸ் வெள்ளியின் பக்கமே போகாது. அதனால் வெள்ளியின் மேல் நீண்ட கார்பன் சங்கிலிகளால் ஆன ஒரு மெல்லிய மூலக்கூறுப் படலத்தைப் போட்டு, குளுக்கோஸ் அதற்குள் வந்து தங்கிப் போகும்படி செய்தார்கள். 2006-இல் எலியின் தோலுக்கு அடியில் அந்தப் பரப்பை வைத்து அளந்தும் காட்டினார்கள். அபாரமான வேலை. ஆனாலும் இன்று சர்க்கரை நோயாளிகளின் கையில் ஒட்டியிருக்கும் கருவிகள் நொதியை வைத்து மின்வேதியியல் முறையில் அளப்பவை, செர்ஸ் அங்கே வரவில்லை. ஓவியத்தில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் வேலை முடிந்தது. உடம்புக்குள் நாள்கணக்கில், நிமிடத்துக்கு நிமிடம், ஒரே அளவுகோலில் பதில் வேண்டும்.

இந்தக் குறையைத்தான் மெட்டாமெட்டீரியல் (ஒளி போன்ற அலைகளை நாம் விரும்பியபடி கையாள வடிவமைத்த நுண்கட்டமைப்பு) பக்கத்திலிருந்து வருபவர்கள் வேறு வழியில் தாக்குகிறார்கள். துகள்கள் தற்செயலாக ஒட்டுவதை நம்பாமல், வடிவத்தையும் இடைவெளியையும் நாமே வரைந்து செதுக்குவது. 1999-இல் இயற்பியலாளர் பென்ட்ரி முன்வைத்த வெட்டு வளையம், அதாவது ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையம், இதன் தொடக்கம், வளையத்தின் வெட்டில் புலம் குவியும், அங்கே ஏதாவது வந்து உட்கார்ந்தால் வளையத்தின் ஒத்ததிர்வு நகரும். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஹாட்டிஸ் ஆல்டுக் குழு உலோகத்தையே விட்டுவிட்டு, சிலிக்கானில் சாய்ந்த நீள்வட்டங்களை ஜிக்ஜாக்காக அடுக்கி, 100 சிறு கட்டங்கள் ஒவ்வொன்றையும் அகச்சிவப்பின் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்த்து வைத்தது. புரதம் வந்து படிந்தால் எந்தெந்தக் கட்டம் மங்குகிறது என்று ஒரு படம் எடுத்தாலே போதும், நிறமாலைமானியே வேண்டாம். எல்லாக் கட்டமும் நாம் வரைந்ததால் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பெருக்கம் வெள்ளி இடுக்கைவிடக் குறைவுதான், அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஓவியங்களின் பக்கத்தில் இன்னும் நெருடுவது ஒன்று: எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு துகளை எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அசல் மேலேயே கூழ்மத்தை விட்டால் வெள்ளி அங்கேயே தங்கிவிடும். இதற்கு கசாடியோவும் வான் டைனும் சேர்ந்த குழு 2014-இல் ஒரு வழி காட்டியது. வெள்ளியை ஓவியத்தின் மேல் விடாமல், ஒரு கூரிய முனையில் வைத்துக்கொண்டு, அந்த முனையைக் காகிதத்தின் அருகே கொண்டுபோய், முனைக்கு நேர் கீழே இருக்கும் மூலக்கூறுகளை மட்டும் கேட்பது. அவுரிச் சாயத்தையும் மாசிக்காய் மையையும் காகிதத்தின் மேலேயே இப்படி அடையாளம் கண்டார்கள். கேட்டு முடித்ததும் ஊசி மேலே போய்விடும், காகிதத்தில் ஒன்றும் மிஞ்சாது.